பந்து கிடந்த இடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் தயங்கினேன். நோட்டு வாங்கியது முதல் வருடம். அதில் பிள்ளையார் சுழி போட்டது இரண்டாம் வருடம். சுழிக்குக் கீழே இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு தேறாதவன். திருப்பாதிரிப்புலியூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. அதற்குப் பாடலீஸ்வரர் சாட்சி.

என் மனைவி தனத்தின் தம்பி குமரவேல். எனக்கு மச்சான். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன், மலேசியாவுக்குப் புல் வெட்டும் வேலைக்குப் போனான். கோல்ஃப் மைதானத்துப் புல். அங்கே ஒரு வெள்ளைக்காரர், பந்து குழிக்குப் போகிற வழியில் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். இவன் தள்ளி நின்றபடியே கையைக் காட்டியிருக்கிறான். காட்டியபடியே உருண்டது. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டவனுக்குத் தரையின் சாய்மானம் தெரியாதா? அன்றிலிருந்து பதினோரு வருடம் அவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனான். அந்த வேலைக்கு இங்கிலீஷில் 'கேடி' என்று பேர். அதைச் சொன்னால் நம் ஊரில் போலீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் பை தூக்குகிறவன் என்றே எழுதுகிறேன்.

அந்த ஆட்டக்காரரை மச்சான் 'பாஸ்' என்பான். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எனக்கும் அவர் பாஸ்தான். உலகம் அறிந்த ஆட்டக்காரர். ஒரே ஒரு குறை. வருடத்துக்கு நான்கு பெரிய போட்டிகள் நடக்கும், மேஜர் என்பார்கள். அதில் ஒன்றுகூட அவர் ஜெயித்ததில்லை. மூன்று தடவை கடைசி நாள் வரை முன்னால் இருந்து கோட்டை விட்டவர். வயது நாற்பத்து நான்கு ஆகிவிட்டது. ஸ்காட்லாந்தில் நடக்கப்போகிற மேஜரோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மச்சான் போன் செய்தான். "ஒரே ஒரு வாட்டி மாமா. அவரு கப்பு தூக்கும்போது பக்கத்துல பையோட நிக்கணும். அது போதும் எனக்கு. அக்காவ அழச்சிகிட்டு வாங்க, கண்ணால பாருங்க."

எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நேரம். "நான் எப்பிடி நவுர்றது? நீங்க போய்ட்டு வாங்க. பொறப்படறதுக்கு முன்ன சிதம்பரத்துல ஒரு அர்ச்சன பண்ணிடலாம்" என்றாள் தனம்.

விஷயம் மில்லுக்கு வந்ததும் தகராறு ஆரம்பித்தது. மாவு அரைக்க வருகிறவர்கள் காத்திருக்கிற நேரத்தில் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும். அந்த வாரம் முழுக்க கோல்ஃப்தான். ஒரு கட்சிக்கு ரிட்டயர்டு தபால்காரர் கோதண்டம். எதிர்க்கட்சிக்கு ஸ்டெல்லா டீச்சர்; ஆட்டத்தின் சட்டமெல்லாம் போனில் படித்துவிட்டே வருவார்.

"கம்மியா அடிச்சவன்தான் ஜெயிப்பானா? அப்ப அடிக்காமலே நின்னா கப்பு குடுத்துடுவானா?" என்றார் கோதண்டம்.

"பந்து குழியில விழுற வரைக்கும் அடிக்கணும் சார். அப்பிடி பதினெட்டு குழி. யாரு கம்மி அடியில முடிக்கிறாங்களோ அவுங்க ஜெயிச்சாங்க."

"மூணு வாட்டி வுட்டவரு நாலாவது வாட்டியும் வுடுவாரு. எழுதி வெச்சிக்குங்க. கடைசி நாளு அந்தாளுக்குக் கை நடுங்குது."

"கடைசி நாளு கை நடுங்கணும்னாலும் அது வரைக்கும் முன்னால வந்திருக்கணும் இல்ல? நீங்க எதுலனா முன்னால வந்திருக்கீங்களா சார்?"

மிஷின் சத்தத்தையும் மீறி எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி டீச்சர், மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க. இவரு சிதம்பரம் போறாரு. ரெண்டு பக்கமும் சேந்து அந்தக் கையப் புடிச்சிக்கட்டும்."

"அது நேத்தே ஏத்தியாச்சி" என்றார் டீச்சர்.

சிதம்பரத்தில் அர்ச்சனைத் தட்டை வாங்கிய தீட்சிதர், பேரும் நட்சத்திரமும் கேட்டார். பாஸ் பிறந்த தேதி இருந்தது, நேரம் தெரியவில்லை. தேதியை மட்டும் வைத்துக்கொண்டு தனம் நாலு நாள் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டியும் நட்சத்திரம் நிற்கவில்லை. "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து கேட்டேன். "ஜெயிக்கணும்னு நல்லா வேண்டிகிட்டயா?"

"ஜெயிக்கணும்னு கேக்கல. எதுத்து ஆடறவனுக்கும் ஒரு அக்கா இருப்பா இல்ல? கை நடுங்கக் கூடாதுன்னு கேட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் கத்திரிக்காயைச் சுட்டு மசித்து, நல்லெண்ணெய் மிதக்கக் கொத்சு செய்து, எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைச் சுற்றித் துணி கட்டிக் கொடுத்தாள். விபூதிப் பொட்டலம் தனியாக என் சட்டைப் பையில்.

நான் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை விடிகாலை. அது ஒரு கடலோர ஊர். நம் தேவனாம்பட்டினத்து மணலில் புல் முளைத்து, அதை யாரோ தினமும் சீப்பால் வாரினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு மைதானம். மரம் கிடையாது. காற்று ஆளைத் தள்ளுகிறது. நம் கடலூரில் அப்படி அடித்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிடுவார்கள். அங்கே அந்தக் காற்றில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

வயதான ஓர் அம்மா வீட்டில் மச்சான் அறை பிடித்திருந்தான். அன்று காலையில் அந்த அம்மா வைத்தது உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி. பார்த்ததும் எனக்கு நிம்மதி. நம் கூழுக்குத் தங்கச்சி முறை. தூக்கைத் திறந்து கொத்சுவைத் தொட்டுக்கொண்டேன். அந்த அம்மா மூக்கைச் சுருக்கினார். பிறகு ஒரு ஸ்பூனை நீட்டினார். பிறகு ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தே விட்டார்.

பாஸ் ஜெயிப்பாரா என்று அவரையும் கேட்கச் சொன்னேன். மச்சான் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னான்: "மாட்டார். ரொம்ப நல்ல மனிதர். கடைசி நாளில் ஒரு ஆட்டக்காரன் கொஞ்சம் கெட்டவனாக இருக்க வேண்டும். இவருக்கு அது வராது."

மச்சானுக்கு முகம் சிறுத்துவிட்டது. விபூதியை அவன் நெற்றியில் பூசினேன். மீதியைப் பொட்டலத்தோடு மட்டைப் பையின் சின்ன ஜிப்புக்குள் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ஆட்டம் தொடங்கியது. நான் பார்க்கவில்லை. மச்சான் விடிவதற்குள் போய்விட்டான். நான் பின்னால் பஸ்ஸில் வரவேண்டும் என்று ஏற்பாடு. சரியான நம்பர் பஸ்ஸில்தான் ஏறினேன், எதிர்ப் பக்கத்தில். அது என்னை ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் கடலூர் முதுநகர் துறைமுகம்தான், அதே வாசனை. திரும்புகிற பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம்.

அந்த பஸ் டிரைவரிடம் மச்சானும் பாஸும் சேர்ந்து நிற்கிற போட்டோவைக் காட்டி, "மை பிரதர் இன் லா" என்றேன். அவர் இருக்கையில் இருந்தபடியே திரும்பி, பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஏதோ சத்தம் போட்டார். மொத்தம் ஆறு பேர். எல்லோரும் எழுந்து வந்து போட்டோவைப் பார்த்தார்கள். இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நாலு பேர் தலையை ஆட்டிக் கையை நடுக்கிக் காட்டினார்கள். கோதண்டம் அந்த ஊரிலும் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. சனிக்கிழமை வெயில் வந்தது. பாஸும் முன்னால் வந்தார். அன்றுதான் அந்த ஆட்டத்தின் அமைதியைக் கவனித்தேன். ஒருவர் அடிக்கப் போகிறார் என்றால் ஆயிரக்கணக்கான பேர் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். சிதம்பரத்தில் ரகசியத்தின் திரையை விலக்குகிற நேரத்தில்தான் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் கோல்ஃபை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பதினாறு குழி முடிந்தபோது பாஸ் ஒரு அடி கம்மியாக அடித்து முன்னால் இருந்தார். இன்னும் இரண்டே குழி. நான் பதினேழாவது குழிக்குப் போகிற வழியில், கயிற்றுக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம் பிடித்து நின்றேன். கீழே ஈர மணல். குளிர் தாங்காமல் முன்னும் பின்னுமாகக் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வாங்கிக் கொடுத்த தடித்த பூட்ஸ்.

தூரத்தில் பாஸ் அடித்தார். காற்று பந்தை வலப்பக்கம் தள்ளிவிட்டது போலிருக்கிறது. அங்கிருந்து யாரோ கத்தினார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு குனிந்தார்கள். ஏதோ துக்கச் செய்தி போல என்று நினைத்து நான் மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். பந்து புல்லில் விழுந்து, துள்ளி, கயிற்றுக்குக் கீழே உருண்டு வந்து, என் வலது பூட்ஸின் நுனியில் முட்டியது. முட்டிய வேகத்தில் கொஞ்சம் பின்வாங்கி நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மில்லில் கோதுமையோ கேழ்வரகோ சிந்திக் காலில் பட்டால், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அடுத்த டின்னை நான் எடுத்ததில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது நடக்கும். புத்தகம், நோட்டு, தராசுக் கல், அடுத்தவர் உடம்பு, எது காலில் பட்டாலும் அப்படித்தானே செய்கிறோம்? அந்தப் பந்து ஒரு மனிதருக்குச் சோறு போடுகிற பொருள். என் கால் அதில் பட்டுவிட்டது. குனிந்தேன். எடுத்தேன். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஓ!" என்றது. அப்போதுதான் கையில் பந்தோடு நிற்பது எனக்கே தெரிந்தது. யாரும் அதைத் தொடக்கூடாது என்று மச்சான் முதல் நாளே சொல்லியிருந்தான்.

நடுவர் ஓடி வந்தார். பாஸும் மச்சானும் நடந்து வந்து சேர்வதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நடுவர் ஏதோ கேட்டார். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான்:

"தண்டம் எதுவும் இல்ல மாமா, பயப்படாதீங்க. எடுக்கறதுக்கு முன்ன பந்து எங்க இருந்துச்சின்னு கேக்கறாரு. நீங்க காட்ற எடத்துலதான் வெப்பாங்க."

பக்கத்தில் நின்ற ஒருவர், பாஸ் பேர் போட்ட தொப்பி வைத்திருந்தவர், முந்திக்கொண்டு ஓர் இடத்தைக் காட்டினார். தட்டையான புல். அங்கே பந்து இருந்தால் நான்கூட அடித்துவிடலாம். நடுவர் அதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. பந்தை எடுத்தவன் நான்.

பந்து இருந்தது அங்கே இல்லை. அதற்கு ஒரு சாண் இப்பால். நான் மிதித்து மிதித்து உண்டாக்கிய குதிகால் பள்ளம் ஒன்று ஈர மணலில் இருந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்தது, முட்டை மாதிரி.

ஒரு சாண். பதினோரு வருடம் பை தூக்கிய என் மச்சான் எதிரே நிற்கிறான். புல்லைக் காட்டினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. தொப்பிக்காரர் சாட்சி சொல்லக் காத்திருக்கிறார். கண்ணில் ஒற்றிய பந்து இன்னும் என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பள்ளத்தைக் காட்டினேன்.

"அங்கயா மாமா?"

"அங்கதான் மச்சான். என் குதிகால்தான்."

மச்சான் கண்ணை மூடித் திறந்தான். பிறகு நடுவரிடம் இங்கிலீஷில் சொன்னான். பந்தை என்னிடமிருந்து வாங்கும்போது அவன் கை நடுங்கியது. பாஸ் அதை வாங்கி, ஒரு முட்டி போட்டு, அந்தப் பள்ளத்தில் வைத்தார். நான் ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தேன். அவர் கை நடுங்கவில்லை.

அடித்தார். மணல்தான் பறந்தது, பந்து கொஞ்ச தூரம் போய் ஒரு மணல் குழியில் விழுந்தது. பதினேழாவது குழியை முடிப்பதற்குள் இரண்டு அடி அதிகமானது. கடைசிக் குழியில் சமன் செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. மச்சான் படுத்து, எழுந்து, சுற்றி வந்து சாய்மானம் பார்த்துச் சொன்னான். சொன்னபடியே உருண்டு போன பந்து, குழியின் உதட்டில் ஒரு விரல் அகலம் பாக்கி வைத்து நின்றுவிட்டது. ஒரே ஒரு அடியில் தோற்றார். நாலாவது தடவை.

அன்றைக்கு மச்சான் என்னோடு பேசவில்லை. நானும் சாப்பிடவில்லை. வீட்டுக்கார அம்மா கஞ்சியை மூடி வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை வாசலில் கார் நின்றது. மச்சானுக்குப் பின்னால் பாஸ் இறங்கினார். நேராகச் சமையலறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். மச்சான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொன்னான்.

"ஏன் கண்ணில் வைத்தீர்கள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கால் பட்டதைச் சொன்னேன். மில்லைச் சொன்னேன். "அது உங்களுக்குச் சோறு போடறது இல்லிங்களா, அதான்" என்றேன்.

அவர் பதிலுக்குச் சொன்னதை மச்சான் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அந்தப் பள்ளமும் உங்கள் பூட்ஸின் அடியும் ஒன்று என்பதை நான் பார்த்தேன். தொப்பிக்காரர் காட்டிய இடத்தையும் பார்த்தேன். நீங்கள் புல்லைக் காட்டியிருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பேன். மூன்று தடவை தோற்றதற்கு என் கைதான் காரணம். நேற்று கை சரியாக இருந்தது. கையைச் சரியாக வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் நான் ஏன் நிறுத்த வேண்டும்?"

மச்சான் பாதியில் நிறுத்திவிட்டான். "மாமா, அடுத்த வருஷமும் ஆடறாராம்" என்றான். பாஸ் தூக்கில் ஒட்டிக்கொண்டிருந்த கொத்சுவைக் காட்டி அது என்ன என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா வழித்துக் கொடுத்தார். காரத்தில் அவருக்குக் கண் கலங்கியது. காரத்தில்தான் என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

கடலூருக்கு வந்தேன். நான் பந்தைக் கண்ணில் ஒற்றிய வீடியோ எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மில்லில் கோதண்டம்தான் முதலில் பிடித்தார். "யோவ், ஒரு சாண் தள்ளிக் காட்டியிருந்தா உன் சொத்தா போயிருக்கும்?"

"சார், சட்டப்படி அது அங்கதான் இருக்கணும்" என்று ஸ்டெல்லா டீச்சர் சண்டைக்கு வந்தார்.

தனம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க காட்டுன எடம் சரிதானே?"

"சரிதான்."

"அவரு கை நடுங்கிச்சா?"

"இல்ல. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"அப்பறம் என்னா? வாங்க, சிதம்பரம் போய்ட்டு வந்துடலாம்" என்றாள். அந்த வாரமே போய், கேட்டது கிடைத்ததற்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். இந்தத் தடவையும் சாமி பேருக்கே.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் போன மாதம் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை முன்னால் அழைத்து, சால்வை போர்த்தி, "சிதம்பரம் விபூதிய பந்துல பூசி வெள்ளக்காரன ஜெயிக்க வெச்சவரு இவருதான்" என்று மைக்கில் சொன்னார். பந்தியில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. சால்வையோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். புல்லைக் காட்டாத கை அன்றைக்குச் சால்வையை வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்து நோட்டைத் தேடி எடுத்தேன்.

பாஸ் இன்னும் ஜெயிக்கவில்லை. போன வருடம் மூன்றாவதாக வந்தார். இந்த வருடமும் ஆடுகிறார். அடுத்த வாரம் தொடங்குகிறது. மச்சான் நேற்று போனில், "காத்து நம்ம பக்கம் மாமா" என்றான். ஸ்டெல்லா டீச்சர் மெழுகுவத்தி வாங்கிவிட்டார். கோதண்டம்கூட இன்று காலை கேழ்வரகு டின்னைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வாட்டி அடிச்சிடுவாருய்யா" என்றார். எனக்கும் அப்படித்தான் மனசு சொல்கிறது.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, அன்றைக்கு ஜெயித்தார் என்று சேர்க்க வேண்டாம். நாங்கள் கேட்டது ஜெயிப்பு இல்லை; கேட்டது கிடைத்தது. அந்தப் பள்ளம் என் குதிகால் போட்டது என்பதையும் விட்டுவிட வேண்டாம். அடுத்த வாரம் அவர் கப்பைத் தூக்கினாலும் இந்தக் கதையில் கை வைக்காதீர்கள். பந்து புல்லில் இல்லை, பள்ளத்தில்தான் கிடந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.